நகர மண்டபத்தில் சிம்பொனி இசை கேட்கச் செல்வோருக்கு

பழைமையான நகர மண்டபங்கள் பெரும்பாலும் இசைக்காக மட்டுமே கட்டப்பட்டவை அல்ல. பொதுக்கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் பயன்பட்டதால், அவற்றின் தரை சரிவின்றிச் சமதளமாக இருப்பதுண்டு. அத்தகைய மண்டபத்தில் தரைத்தளத்தின் பின்வரிசையில் அமர்ந்தால், முன்னிருப்பவர்களின் தலைகள் மேடையை மறைத்துவிடும். மேல்தள மாடத்தின் முன்வரிசை கிடைக்குமானால் தயங்காமல் அதையே தேர்ந்தெடுங்கள். வாத்தியங்களின் ஒலி ஒன்றுகலந்து மேலெழுவதை அங்கே நன்றாகக் கேட்கலாம். இருக்கையைத் தூண் மறைக்குமா, மாடிக்கு மின்தூக்கி உண்டா என்பவற்றைச் சீட்டு வாங்கும்போதே கேட்டறிவது நல்லது.

அரை மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுங்கள். தாமதமாக வருவோரைப் பொதுவாக இசைக்கு நடுவே உள்ளே விடுவதில்லை. கைப்பேசியை அணைத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் ஓபோ என்னும் குழல் வாத்தியத்தை வாசிக்கும் கலைஞர் ஒரே சுரத்தை, பல இடங்களில் 440 ஹெர்ட்ஸ் அளவில், நீட்டி ஒலிக்க, மற்றவர்கள் அதனோடு சுருதி சேர்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த தருணம் இது. பேச்சை அதற்குள் நிறுத்திவிடுங்கள்.

புதியவர்களைக் குழப்புவது கைதட்டல்தான். சிம்பொனி என்பது பெரிய இசைக்குழுவுக்காக எழுதப்படும் நீண்ட இசைப்படைப்பு; அதற்குப் பெரும்பாலும் 4 பகுதிகள் உண்டு. இறுதிப் பகுதி முடிந்து, இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் கைகளைத் தாழ்த்தும்வரை பொறுத்திருப்பதே இன்றைய வழக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் 6ஆம் சிம்பொனியில் 3ஆம் பகுதி பேரொலியோடு முடிவதால், பலர் அங்கேயே கைதட்டிவிடுகிறார்கள். உண்மையான முடிவோ மெல்லத் தேய்ந்து மறைவது. அப்போது சில நொடிகள் அசையாமல் இருந்தால், உயர்ந்த கூரையின் கீழ்க் கடைசி ஒலி அடங்குவதையும் கேட்கலாம்.