ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு: ஆபரேஷன் கால் மணி நேரம், கவனம் மூன்று மாதம்

பிள்ளைகள் போதும் என்று முடிவானால் நம் பக்கத்தில் மனைவிதான் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆணுக்கு இது எவ்வளவு சின்ன வேலை என்று பல பேருக்குத் தெரியாது. விதைப்பையில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஒரு சின்னத் துளை வழியாக இரண்டு விந்துக் குழாய்களையும் எடுத்து வெட்டிக் கட்டிவிடுவார்கள். தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், கிராமத்தில் இருந்தால் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டாலே வழி சொல்வார். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு, அதனால் ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துப் போங்கள். கல்யாணமாகி, 60 வயதுக்குள் இருந்து, ஒரு வயது தாண்டிய பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான ஜட்டி, ஒரு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் லீவு சொல்லிவிட்டே வருவது நல்லது. வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

இனிதான் பலர் கோட்டைவிடும் இடம். வெட்டிய இடத்துக்கு மேலே குழாயில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த விந்தணுக்கள் அப்படியே இருக்கும், அவை தீர்ந்துபோக மூன்று மாதம் ஆகும், அதுவரை காண்டம் கட்டாயம். மூன்றாம் மாத முடிவில் விந்துப் பரிசோதனை செய்து, அணு ஒன்றுகூட இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஆபரேஷன் முடிந்ததாகக் கணக்கு. இந்த டெஸ்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டு, பிறகு மனைவி கர்ப்பமானால் அவரைச் சந்தேகப்படுகிற கொடுமையெல்லாம் நடக்கிறது.

ஆண்மை போய்விடும் என்பது வெறும் பேச்சு. ஆண் ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, குழாயில் இல்லை. விந்தின் அளவும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி வேறு சுரப்பிகளில் இருந்து வருகிறது.

சரி, பின்னால் மனசு மாறினால்? மறுமணமோ, பிள்ளையை இழந்த துயரமோ வந்து, குழாயைத் திரும்ப இணைக்கக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. இணைக்கலாம், ஆனால் இது கால் மணி வேலை இல்லை. மைக்ரோஸ்கோப் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் தைக்க இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். எத்தனை வருஷம் கழித்து வருகிறீர்கள் என்பதுதான் முக்கியம்: 1991-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூன்று வருஷத்துக்குள் வந்தவர்களில் 76 சதவீதம் பேரின் மனைவிக்குக் கரு தங்கியது, 15 வருஷம் தாண்டியவர்களில் அது 30 சதவீதம்தான். அதனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதே இதை நிரந்தரம் என்று நினைத்துப் போடுங்கள்.

இணைப்புக்குப் போகிறவர்கள் யூராலஜி டாக்டரிடம் மைக்ரோஸ்கோப்பில் செய்வாரா, இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மனைவிக்கும் முதலிலேயே பரிசோதனை செய்துவிடுங்கள். அவருக்கு வயது கூடியிருந்தால் விதையில் இருந்தே அணுவை எடுத்து டெஸ்ட் டியூப் முறைக்குப் போவது சில தம்பதிகளுக்குச் சுருக்கு வழி. இணைத்த பிறகு விந்தில் அணு தென்பட ஆறு மாதம்கூட ஆகலாம், முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கைவிட வேண்டாம்.