பேப்பர் சந்தாவைப் புதுப்பிக்கலாமா? 14 நாள் கணக்கு

சந்தா முடிகிற தேதி நெருங்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும்: செய்தி எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறதே, இன்னும் எதற்குப் பேப்பர்? விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அதில் நீங்கள் உண்மையில் எதைப் படிக்கிறீர்கள், அது வேறெங்கும் கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பென்சிலும் 14 நாளும் போதும். ஒரு வாரம் போதாது. ஏதாவது பெரிய விபத்தோ தேர்தலோ வந்தால் கணக்கே புரண்டுவிடும்.

கடைசி வரி வரை படித்த ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். தலைப்பை மட்டும் பார்த்ததற்குக் கோடு கிடையாது. இதில் தாராளம் காட்டினால் மொத்தமும் வீண்.

அடுத்து, கோடு போட்ட செய்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தொடக்கத்திலோ முடிவிலோ செய்தி நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) 1846 முதலும் ராய்ட்டர்ஸ் 1851 முதலும் செய்கிற வேலை இதுதான்: ஒரே செய்தியைப் பல பத்திரிகைகளுக்குக் கொடுப்பது. அது பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். அந்தப் பத்திரிகையின் நிருபரே திரட்டிய செய்தி என்றால் மட்டும் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். 'நமது நிருபர்' என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது, ஏதோ அலுவலகமோ நிறுவனமோ பத்திரிகைகளுக்கு அனுப்பி அப்படியே அச்சேறிய குறிப்பாக இருக்கலாம். "பாலப் பணி விரைவில் முடியும் என்று அதிகாரி தெரிவித்தார்" என்று தொடங்கி, கடைசி வரை ஒரே ஆள் பேசிக்கொண்டிருந்தால் வட்டம் வேண்டாம். "மூன்று தூண்கள் இன்னும் எழும்பவில்லை; ஒப்பந்தக் கெடு போன மாதமே முடிந்துவிட்டது" என்றிருந்தால், யாரோ நேரில் போய்ப் பார்த்திருக்கிறார், ஒப்பந்தத்தையும் படித்திருக்கிறார். வட்டம் போடுங்கள்.

14 நாள் முடிந்ததும் அந்த நாட்களுக்கான சந்தாத் தொகையை வட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு வட்டச் செய்திக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். வாரத்துக்கு ஐந்து வட்டமாவது தேறினால் புதுப்பிக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. கோடு நிறைய, வட்டம் குறைவு என்றால் வாசிப்புப் பழக்கத்தில் குறையில்லை, பேப்பரைத்தான் மாற்ற வேண்டும். கோடே குறைவு என்றால் வார இறுதி இதழ் மட்டும் போதும். உங்கள் ஊரின் குடிநீர், வரி, பள்ளி பற்றிய வட்டத்தை இரண்டாக எண்ணுங்கள். தொலைதூரப் போரை நூறு பேர் எழுதுவார்கள். உங்கள் உள்ளாட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது ஒரே ஒரு நிருபராக இருக்கலாம். அவர் வேலை போனால் அந்தச் செய்தியை எழுத வேறு ஆள் இல்லை.

அச்சா, டிஜிட்டலா? அச்சகத்திலிருந்து தொலைவில் உள்ள ஊர்களுக்கான பதிப்பு முன்னதாகவே முடிக்கப்படும். பின்னிரவில் முடிந்த ஆட்டத்தின் முடிவு அதில் இல்லாமல் போவது அதனால்தான். அது முக்கியம் என்றால் டிஜிட்டல் எடுங்கள். இ-பேப்பர் என்பது அச்சுப் பக்கத்தின் படம். டேப்லெட்டில் வசதி, போனில் ஒவ்வொரு பத்தியையும் பெரிதாக்கி நகர்த்த வேண்டியிருக்கும். எழுத்து வடிவில் திறக்கும் வசதியும் பழைய இதழ்களும் சந்தாவில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். அச்சுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: தேடாத செய்தியும் கண்ணில் படும், கடைசிப் பக்கத்தோடு முடிந்தும்விடும்.

செய்திகளை வெட்டி வைப்பவர்கள் அதே வாரத்தில் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அப்படியே இருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி நொறுங்கும். செல்லோடேப் ஒட்டவே கூடாது, அதன் பசை கறையாக இறங்கும்.

பணம் கட்டும் முன் உங்கள் பொது நூலகத்தைக் கேளுங்கள். பல நூலகங்கள் உறுப்பினர்களுக்கு பிரஸ்ரீடர் என்ற டிஜிட்டல் சேவை வழியாகப் பத்திரிகைகளை இலவசமாகத் தருகின்றன. டிஜிட்டல் சந்தாவில் அறிமுக விலை முடிந்ததும் முழு விலை தானாகவே பிடிக்கப்படுவது வழக்கம். சேருகிற அன்றே ரத்து செய்யும் வழியைக் கண்டுபிடித்து வையுங்கள், புதுப்பிக்கும் தேதிக்கு 10 நாள் முன்பு போனில் நினைவூட்டலும் வையுங்கள். சேர ஒரு சொடுக்கு, விலக மட்டும் போன் செய்ய வேண்டும் என்றால் ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதச் சந்தாவே நல்லது. அச்சு இதழ் வராத நாளைக் காலண்டரில் குறித்து அன்றே புகார் சொல்லுங்கள். ஊருக்குப் போகும் நாட்களுக்கு நிறுத்திவைத்தால் அவை சந்தாவின் முடிவில் சேர்க்கப்படுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய பேப்பருக்கு மாறுவதானால், சந்தா கட்டும் முன் வார நாள் இதழ்கள் இரண்டும் வார இறுதி இதழ் ஒன்றும் தனியாக வாங்கிப் பாருங்கள். பிழைத் திருத்தப் பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எது தவறு, எது சரி என்று நான்கையும் சொல்கிற திருத்தம்தான் திருத்தம்.