லாச்சிக்குள் கிடக்கும் பழைய பற்றரிகள்

1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குப் பற்றரியின் அருமை தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். தீர்ந்துபோனதையும் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுப் பார்த்தோம். அந்தப் பழக்கம்தானோ என்னவோ, சுவிட்சர்லாந்திலும் எங்கள் வீட்டு லாச்சியை இழுத்தால் பழைய பற்றரிகள் உருளுகின்றன.

வைத்திருக்க வேண்டாம். குப்பைப் பையிலும் போட வேண்டாம். இங்கே வீட்டுக் குப்பை எரியுலைக்குப் போகிறது. தீர்ந்த பற்றரியைத் திருப்பிக் கொடுப்பது சட்டப்படி நமது கடமை. அதற்குத் தனியாகக் காசு இல்லை, மீள்சுழற்சிக் கட்டணத்தை வாங்கும்போதே விலையோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். பற்றரி விற்கும் எந்தக் கடையும் அதைத் திரும்ப வாங்க வேண்டும், வேறு கடையில் வாங்கியிருந்தாலும் சரிதான். மிக்ரோ, கோப் கடைகளில் பிளாஸ்டிக் போத்தல் போடும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். இப்படிச் சேர்பவை பேர்ண் மாநிலத்து விம்மிஸ் ஊரிலுள்ள ஆலைக்குப் போய், அங்கே துத்தநாகமும் இரும்பும் மாங்கனீசும் பிரித்தெடுக்கப்படுகின்றன.

கொண்டுபோகும் வரை கவனம் தேவை. புகை எச்சரிக்கைக் கருவியில் இருக்கும் சதுரமான 9 வோல்ட் பற்றரியின் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு திறப்புக் கோர்வை குறுக்கே விழுந்தால் போதும், சூடேறித் தீப்பற்றலாம். கழற்றிய உடனேயே முனைகளின் மேல் டேப் ஒட்டுங்கள். லித்தியம் பற்றரிகளுக்கும் அப்படியே. கைத்தொலைபேசி பற்றரி வீங்கியிருந்தால் சேகரிப்புப் பெட்டியில் போடாமல், கடை ஊழியரிடம் காட்டிக் கையில் கொடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது பொத்தான் பற்றரிதான். தராசு, கார்த் திறப்பு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என எதற்குள்ளும் அது இருக்கும். தவழும் குழந்தைக்கு அது பளபளக்கும் ஒரு மிட்டாய். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். குழந்தை தொடக்கத்தில் அழாமலும் இருக்கலாம். தீர்ந்ததிலும் அந்த அளவுக்கு மின்சாரம் மிஞ்சியிருக்கும். பழையதைக் கழற்றினால் மேசையில் வைக்காதீர்கள், இரண்டு பக்கமும் டேப் சுற்றி உயரத்தில் வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே அம்புலன்ஸ் எண்ணான 144ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நச்சு ஆலோசனைக்கான 145 இரவிலும் எடுப்பார்கள். இரண்டு எண்களையும் இன்றே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்.