பெரியவர்களுக்கான கல்ட் அனிமேஷன்: டிவி செட்டிங் முதல் சரியான பதிப்பு வரை

கையால் வரைந்த படத்தை இன்றைய டிவி தானாகவே கெடுத்துவிடும். அதனால் எந்தப் படத்தைத் தொடங்குவதற்கு முன்பும் ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் என்று ஒரு வசதி இருக்கும். அதைக் குறைத்து வைத்தால் போதாது, முழுதாக அணைக்க வேண்டும். சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். அனிமேட்டர்கள் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்போது நொடிக்கு 12 ஓவியம். மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 8. அசைவின் வேகமும் கனமும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. டிவியோ, யாரும் வரையாத ஓவியத்தை யூகித்து நடுவில் செருகுகிறது. கை வீசும் காட்சியில் விரல்களின் கோடு குழம்பும். பாத்திரம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதக்கும்.

அதே மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள். ஃபிலிம் துகளை நீக்கப் போய் மெல்லிய பென்சில் கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஷார்ப்னெஸ் பல டிவிகளில் 0, சோனியில் 50 இருந்தால் நடுநிலை. கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

அடுத்தது பதிப்பு. பலர் ஏமாறுவது இங்கேதான். மமோரு ஓஷியின் 'கோஸ்ட் இன் தி ஷெல்' 1995-ல் வந்தது. 2008-ல் '2.0' என்று ஒன்று வந்தது. அதில் தொடக்கக் காட்சி உட்படச் சில இடங்களை எடுத்துவிட்டுக் கணினி வரைகலையை வைத்தார்கள். முதல் முறை பார்ப்பவருக்கு 1995 பதிப்புதான் சரி. மார்ட்டின் ரோசனின் 'தி பிளேக் டாக்ஸ்' (1982) முழு நீளம் 103 நிமிடம். வெட்டிய பதிப்பு 86 நிமிடம். வாங்கும் முன் நிமிடக் கணக்கைப் பாருங்கள். ஆனால் குறைந்திருப்பதெல்லாம் வெட்டு ஆகாது. ஐரோப்பாவின் 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடிகளில் 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டுவார்கள்; படம் 4 சதவீதம் வேகமாக முடியும், குரலும் சற்றுக் கீச்சிடும். மூல நீளத்தை 0.96-ஆல் பெருக்குங்கள். 103 நிமிடப் படம் 99 என்று இருந்தால் முழுப் படம், வேகம் மட்டும் கூடியிருக்கிறது. 86 என்றால் காட்சிகளே போய்விட்டன.

சட்டக அளவையும் சரிபாருங்கள். ரெனே லாலூவின் 'ஃபென்டாஸ்டிக் பிளானட்' (1973) 1.66 விகிதப் படம், அதாவது அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு. அகலத்திரை டிவியில் இரு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது படத்தை இழுத்திருக்கிறார்கள். வட்டமான எதையாவது பாருங்கள். முட்டை வடிவமாகத் தெரிந்தால் இழுத்ததுதான். டிவியின் ஜூம், ஸ்ட்ரெட்ச் வசதிகளை அணைத்துப் பாருங்கள்.

சப்டைட்டிலில் இரண்டு கோளாறு வரும். பாத்திரம் வாய் திறக்காதபோதும் வசனம் ஓடினால், அது ஆங்கில டப்பிங்குக்கு எழுதியதை அப்படியே ஒட்டியது. மூல வசனத்தின் மொழிபெயர்ப்பு அல்ல. வேறு டிராக் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று நேரம் பிசகுவது. தொடக்கம் முதல் ஒரே அளவு பிசகினால், கணினியில் வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகள் போதும். ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். போகப் போகப் பிசகு கூடி, ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடத்தை எட்டினால், 24-க்கும் 25-க்கும் இடையிலான வேறுபாடுதான் காரணம். அதற்கு சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்ற வேண்டும்.

டப்பிங்கா, மூலமா? 'அகிரா'வில் (1988) குரலை முன்கூட்டியே பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். அதை ஜப்பானிய மொழியில்தான் கேட்க வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எதிலிருந்து தொடங்குவது? சிறியதிலிருந்து. டான் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் 'இட்ஸ் சச் எ பியூட்டிஃபுல் டே' 62 நிமிடம், 'ஃபென்டாஸ்டிக் பிளானட்' 72, சதோஷி கோனின் 'பர்ஃபெக்ட் ப்ளூ' 81. 'பெல்லடோனா ஆஃப் சாட்னஸ்' (1973) அசையாத ஓவியங்களின் மேல் கேமரா ஊர்ந்து செல்லும் அபூர்வமான படம். ஆனால் கடுமையான பாலியல் வன்முறை உண்டு, தெரிந்தே உட்காருங்கள். கார்ட்டூன்தானே என்று குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். தணிக்கைச் சான்றிதழையும் முழுதாக நம்ப முடியாது. முயல்கள் ரத்தம் சிந்தும் 'வாட்டர்ஷிப் டவுன்' 1978-ல் பிரிட்டனில் யு சான்றிதழோடுதான் வெளிவந்தது.

இரண்டாம் முறை பார்க்கும்போது விஎல்சியில் நிறுத்திவிட்டு ஈ விசையைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஃபிரேம் நகரும். இரண்டு தட்டுக்கு ஒருமுறை ஓவியம் மாறினால் நொடிக்கு 12. ஒரே ஷாட்டில் முகம் மூன்று தட்டுக்கு ஒருமுறையும் கை ஒவ்வொரு தட்டுக்கும் மாறுவதைப் பிடிக்கலாம். அசைவதை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் வரைந்து, தனியாகத் தீட்டிய பின்னணியின் மேல் வைத்த படங்களில் இன்னொன்றும் கண்ணில் படும். பின்னணிப் பாறைகளில் தூரிகைத் தடம் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் தட்டையான நிறத்தில், சுற்றிலும் கோடு போட்டு நின்றால், அடுத்த நொடி உருளப்போவது அதுதான். கேமரா நகரும் ஷாட்டில் ஐந்து தட்டுக்கு ஒருமுறை ஃபிரேம் அப்படியே திரும்ப வந்தால் அந்தக் கோப்பு 30 ஃபிரேமுக்கு மாற்றப்பட்டது. ஷாட் திக்கித் திக்கி நகரக் காரணம் அதுதான். 24 ஃபிரேம் ப்ளூ-ரே கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள்.