பிறந்தநாள் வார இறுதிக்கு இத்தாலி: நாங்கள் செய்த தவறுகளும் நீங்கள் தவிர்க்க வேண்டியவையும்

அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. வெள்ளி மாலை சூரிச்சில் ரயிலேறினால் மூன்றரை மணி நேரத்தில் மிலான். ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடலாம். திட்டம் போடும் பொறுப்பு என்னுடையது. மிலான், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் எழுதினேன். வேக ரயிலில் மிலானிலிருந்து புளோரன்ஸுக்கு இரண்டு மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டே கால் மணி நேரம். தாளில் கணக்கு அழகாகவே இருந்தது. ஆனால் அறையைக் காலி செய்யும் நேரம், பெட்டிகளை ஒப்படைக்க வரிசையில் நிற்கும் நேரம், அம்மாவின் நடைக்கு ஏற்ற நேரம் எதையும் நான் அதில் சேர்க்கவில்லை. பிறந்தநாள் நண்பகலில் அக்கா புளோரன்ஸ் ரயில் நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து உலர்ந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். முகத்தில் குறை எதுவும் காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

எனவே முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: இரண்டு நாட்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நகரங்களில் தங்குவது. ஒரே நகரம், ஒரே விடுதி போதும். இன்னோர் ஊரும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டு அரை நாள் போய் வரக்கூடிய இடமாகப் பாருங்கள். வெனிஸிலிருந்து படுவாவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஓவியர் ஜோத்தோ சுவரோவியங்கள் தீட்டிய ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம் அங்கே இருக்கிறது, முன்பதிவு கட்டாயம். புளோரன்ஸிலிருந்து போலோஞ்ஞாவுக்கு நாற்பது நிமிடம். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம்.

அடுத்தது கிழமை. இத்தாலியில் வார இறுதியைத் திட்டமிடுகிறவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அன்று நுழைவு இலவசம் என்பதால் வரிசை மதிலைச் சுற்றி நீளும், உள்ளே போவதற்கும் நண்பகல் 12:30 தான் கடைசி நேரம். அந்த அருங்காட்சியகத்தின் வழியாகப் போய்ப் பார்க்கும் சிஸ்டைன் ஆலயத்தின் ஓவியக் கூரைதான் பிறந்தநாள் ஆசை என்றால் அதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையைத் திங்கள் வரை நீட்டுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: புளோரன்ஸின் உஃபீத்ஸி ஓவியக்கூடம், மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அக்கதேமியா, ரோமின் போர்கேஸே கலைக்கூடம் மூன்றும் திங்களன்று திறப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். கேட்க இனிப்பாக இருக்கும். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது.

மிலானில் லியோனார்டோவின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தை, போன பிறகு டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். சாந்தா மரியா தெல்லே கிராத்ஸியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் 1490-களில் வரையப்பட்டது அது. ஈரச் சாந்தின் மேல் தீட்டாமல் உலர்ந்த சுவரில் தீட்டியதால் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. அதனால்தான் சிறு குழுவாக உள்ளே விட்டு, பதினைந்து நிமிடத்தில் வெளியே அனுப்புகிறார்கள். வார இறுதி இடங்கள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ரோமின் கொலோசியத்துக்கும் நேரம் குறித்த டிக்கெட்தான். அதில் பெயர் அச்சாகியிருக்கும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். ரகசியமாகப் பதிவு செய்து பிறந்தநாள்காரரை வியக்க வைக்க நினைப்பவர்கள் கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயர் வேறு, ஆவணப் பெயர் வேறு என்று வாழும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ரயில் பற்றி மூன்று விஷயங்கள். வெனிஸில் நீங்கள் இறங்க வேண்டிய நிலையம் சாந்தா லூச்சியா. அதற்கு முன்னால் வரும் மெஸ்த்ரே, தீவுக்கு வெளியே நிலப்பரப்பில் இருக்கும் பகுதி. அறை மலிவு என்று அங்கே தங்கினால், கால்வாய்கள் வெறிச்சோடி அழகாகும் அதிகாலையும் இரவும் உங்களுக்குக் கிடைக்காது. வட்டார ரயிலுக்குத் தாள் டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் நேர முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காவிட்டால், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். மூன்றாவது வேலைநிறுத்தம், அவர்கள் மொழியில் 'ஷோப்பெரோ'. அது அடிக்கடி வெள்ளிக்கிழமையில் வரும். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் பெரும்பாலும் வராது; போக்குவரத்து அமைச்சகம் தன் இணையதளத்தில் தேதிகளை வெளியிடுகிறது. வேலைநிறுத்தம் நடந்தாலும், வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்களை ஓட்டியே ஆக வேண்டும் என்பது விதி. புறப்படும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரங்களின் மையப் பகுதியில் அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாது, எல்லையில் கேமரா இருக்கும். நுழைந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பல மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும்.

வெனிஸுக்குப் பகலில் மட்டும் போய் வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024-இல் தொடங்கி, வசந்தத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட நாட்களில், பெரும்பாலும் வார இறுதிகளில், காலை 8:30 முதல் மாலை 4 மணி வரை நகருக்குள் வர நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025-இல் முன்கூட்டிக் கட்டியவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் கட்டியவர்களுக்கு 10 யூரோ. நகருக்குள் தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை.

பெரியவர்களை அழைத்துப் போகும்போது படிகளை எண்ணிப் பாருங்கள். புளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு 551 படிகள். லிஃப்டில் போனாலும் 320 படிகள் மீதமிருக்கும். வெனிஸில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவை படிக்கட்டுகள். மூட்டு வலியுள்ள அம்மாவை இழுத்துக்கொண்டு பாலம் பாலமாக ஏறி இறங்கிய பிறகுதான், படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விடுதி எடுத்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

இனி விருந்து. அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டார். அதனால் முட்டையில்லாத கேக்கைத் தானே செய்து, டப்பாவில் வைத்து, சூரிச்சிலிருந்து மடியில் சுமந்து வந்தார். உணவகத்தில் அதை மேசைக்குக் கொண்டுவர விடவில்லை. வீட்டில் செய்த உணவை வெளியிலிருந்து கொண்டுவர அங்கே பல உணவகங்கள் ஒப்புக்கொள்வதில்லை. அந்த உணவால் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது வந்தால் பொறுப்பு அவர்களுடையது. கடையில் வாங்கிய கேக் என்றால் பில்லைப் பார்த்து அனுமதிப்பவர்கள் உண்டு. வெட்டித் தட்டில் வைப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் வாங்குவார்கள். மேசை பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். அன்று இரவு விடுதி அறையில் காகிதத் தட்டில் வைத்து அந்தக் கேக்கை வெட்டினோம். அம்மா நெடுநேரம் பேசவில்லை.

சைவர்களுக்கு இத்தாலி எளிது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துக்கொள்ளுங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுகிறது, பெக்கொரினோ ரோமானோ ஆட்டுக்குட்டியினுடையதால். மிலானின் மஞ்சள் அரிசி உணவான ரிசோட்டோவை இறைச்சிச் சாற்றில்தான் வழக்கமாக வேகவைப்பார்கள், மாட்டு எலும்பு மஜ்ஜையும் சேரும். பன்னா கோத்தா என்ற பாலேட்டு இனிப்பில் பொதுவாக ஜெலட்டின் இருக்கும், அதுவும் விலங்கிலிருந்து வருவதுதான். பெயர் ஒத்திருப்பதில் ஒரு பெரிய பொறி: டோர்டெல்லினி என்ற பாஸ்தாவுக்குள் பன்றி இறைச்சி, டோர்டெல்லோனிக்குள் பெரும்பாலும் ரிகோட்டா என்ற மென்சீஸ். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'நியென்தெ கார்னே, நியென்தெ பெஷே, நியென்தெ ப்ரோதோ', அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். இவை எதுவும் சேராமல் சாப்பிட பீட்சா மரினாரா இருக்கிறது: தக்காளி, பூண்டு, ஒரேகனோ, எண்ணெய். சீஸே கிடையாது.

நேரமும் முக்கியம். பல உணவகங்களின் சமையலறை மதியம் இரண்டரை மணிவாக்கில் மூடினால் இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். மாலை ஐந்து மணிக்குப் பசித்த குழந்தைகளோடு உணவகம் தேடி அலையாதீர்கள்.

பூ வாங்கும்போது நிதானம் தேவை. நமக்குச் சாமந்தி மங்கலம். இத்தாலியில் அது கல்லறைப் பூ. நவம்பர் 2 அன்று இறந்தவர்களுக்கு வைப்பது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஆசையாக வாங்கி, அங்குள்ள தோழியிடம் பிறந்தநாள் பூங்கொத்தாக நீட்டிவிடக் கூடாது. முன்கூட்டியே வாழ்த்துவதும் அங்கே ஆகாது. பிறந்தநாளுக்கு முதல்நாள் வாழ்த்துச் சொன்னால் துரதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள். நண்பர்களை விருந்துக்கு அழைத்தால் பிறந்தநாள்காரர் செலவு செய்வதுதான் அங்கே வழக்கம். வந்தவர்கள் பணத்தைப் பங்கு போடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு மறுபடியும் இத்தாலிதான் போனோம். போலோஞ்ஞா மட்டும், மூன்று இரவுகள். அந்த நகரத்தின் தெருவோர வளைவு நடைபாதைகளை யுனெஸ்கோ 2021-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வெயிலும் மழையும் படாமல், பெரும்பாலும் சமதளமாக, கிலோமீட்டர் கணக்கில் நடக்கலாம். சனி, ஞாயிறுகளில் மையத் தெருக்களில் வண்டிகளையும் நிறுத்திவிடுகிறார்கள். சமையலறை உள்ள வாடகை வீடாகப் பார்த்து எடுத்தோம். சனிக்கிழமை காலை அக்கா சந்தையில் வெண்ணெயும் எலுமிச்சையும் வாங்கி வந்தார். மாலையில் மழை பிடித்தது. நடையை முடித்துத் திரும்பியபோது கேக் ஆறியிருந்தது. அம்மாவின் சேலையில் ஒரு துளி ஈரமில்லை.