ஸ்பார்க்ஸ்டேஷன் 5இல் வெளி டிஸ்க்கும் டேப் டிரைவும் இணைக்கும் முறை

சன் நிறுவனத்தின் பழைய பணிநிலையக் கணினியான ஸ்பார்க்ஸ்டேஷன் 5இன் பின்பக்கம் 50 பின் ஸ்கஸி (SCSI, டிஸ்க், டேப் போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் முறை) போர்ட் ஒன்று உண்டு. வெளியே வைக்கும் டிஸ்க், டேப் டிரைவ் எல்லாம் அந்த ஒரே போர்ட்டிலிருந்து சங்கிலியாகத்தான் போக வேண்டும். இங்கே சொல்வது சன்னின் இயக்க முறைமையான சோலாரிஸ் 2.6 ஓடும் இயந்திரத்துக்கானது. புது டிஸ்க் தெரியவில்லை என்றதும் சோலாரிஸைக் குடையத் தொடங்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் ஐடியிலோ கேபிளிலோ டெர்மினேட்டரிலோதான் இருக்கும்.

முதலில் ஐடி, அதாவது சங்கிலியில் ஒவ்வொரு டிரைவையும் தனித்துக் காட்டும் எண். 0 முதல் 7 வரை எட்டு எண்கள். 7 இயந்திரத்துக்கே உரியது. உள் டிஸ்க்குகள் 3, 1. சிடி டிரைவ் 6. டேப்புக்கு 4 அல்லது 5 என்பது சன் வழக்கம். ஆக, வெளி டிஸ்க்குக்கு 0 அல்லது 2 கொடுங்கள். பெட்டியின் பின்னால் எண் மாற்றும் பொத்தான் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் டிரைவில் உள்ள மூன்று ஜம்பர்களைப் பாருங்கள். அவற்றின் மதிப்பு 1, 2, 4. ஐடி 5 வேண்டுமென்றால் 1, 4 இரண்டையும் போட வேண்டும். சோலாரிஸுக்கு முந்தைய சன்ஓஎஸ் 4இல் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அங்கே ஐடி 3இல் உள்ள டிஸ்க்கின் பெயர் எஸ்டி0, ஐடி 0இல் உள்ளது எஸ்டி3. சோலாரிஸில் இந்தக் குழப்பம் இல்லை. ஐடி எண்ணே பெயரில் வந்துவிடும்.

அடுத்து டெர்மினேட்டர், அதாவது கேபிளின் முனையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் தடுக்கும் செருகி. ஸ்கஸி கேபிள் இரண்டு முனைகள் கொண்ட ஒரே கோடு. அந்த இரு முனைகளில் மட்டும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும், நடுவில் எங்கும் கூடாது. ஒரு முனை இயந்திரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மறுமுனை சங்கிலியின் கடைசிப் பெட்டி. அதன் காலி சாக்கெட்டில் டெர்மினேட்டரைச் செருகுங்கள். ஆக்டிவ் வகையே நல்லது. பெட்டிக்குள் இருக்கும் டிரைவின் சொந்த டெர்மினேஷனை நிறுத்திவிடுங்கள். பழைய டிரைவ்களில் அது சர்க்யூட் போர்டில் செருகிய சீப்பு போன்ற ரெசிஸ்டர் பட்டைகளாக இருக்கும். ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் டிஸ்க் தெரியும், ஆனால் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது திரையில் ஸ்கஸி பிழைகள் கொட்டும்.

நொடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் கேபிளின் மொத்த நீளம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்டிகளுக்குள் ஓடும் கேபிளும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே வெளிக் கேபிள்களை 2 மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியல் என்று குறித்த டிரைவ் எதையும் இந்த போர்ட்டில் மாட்டக் கூடாது. கனெக்டர் பொருந்தும், ஆனால் மின் அமைப்பு வேறு.

மின்சாரம் ஓடும்போது கேபிளைத் தொடவே வேண்டாம்; டெர்மினேட்டருக்கு மின்சாரம் தரும் ஃப்யூஸ் போய்விடலாம். எல்லாவற்றையும் அணைத்து மாட்டிவிட்டு, வெளிப் பெட்டிகளை முதலில் போடுங்கள். டிஸ்க் முழு வேகத்துக்கு வந்த பிறகு இயந்திரத்தைப் போடுங்கள்.

விசைப்பலகையில் ஸ்டாப், ஏ இரண்டையும் சேர்த்து (ஸ்டாப்-ஏ) அழுத்தினால், கட்டளைக்குக் காத்திருக்கும் ஓகே என்ற வரி வரும். உடனே ஸ்கஸியைத் தேடச் சொன்னால் சில சமயம் இயந்திரம் உறைந்துவிடும். ஆகவே முதலில் 'செட்என்வ் ஆட்டோ-பூட்? ஃபால்ஸ்', பிறகு 'ரீசெட்', அதன் பின் 'ப்ரோப்-ஸ்கஸி-ஆல்'. ஒவ்வொரு டார்கெட் எண்ணுக்கும் (ஐடிக்கும்) எதிரே டிரைவின் பெயர் வர வேண்டும். பெயரில் எழுத்துகள் சிதைந்திருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஒரே டிரைவ் எல்லா எண்களிலும் வந்தால் அதன் ஐடி 7 ஆகியிருக்கிறது. இங்கே சரியாக வரும்வரை மேலே போவதில் பயனில்லை. சரியானதும் ஆட்டோ-பூட்டைப் பழையபடி 'ட்ரூ' ஆக்கி, 'பூட் -ஆர்' கொடுங்கள். அந்த '-ஆர்' இல்லாவிட்டால் புது டிரைவுக்கு /டெவ் அடைவில் பெயர்கள் உருவாகாது.

ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) நுழைந்து 'ஃபார்மட்' ஓட்டி, புது டிஸ்க்கைத் தேர்ந்து ஸ்லைஸ்களாக (பகுதிகளாக) பிரித்து, அந்தப் பிரிவினையைப் பதிக்கும் லேபிளை எழுதுங்கள். ஸ்லைஸ் 2 முழு டிஸ்க்கையும் குறிப்பது, அதைத் தொடாதீர்கள். பிறகு ஸ்லைஸில் கோப்பு அமைப்பை உருவாக்க 'நியூஎஃப்எஸ் /டெவ்/ஆர்டிஸ்க்/சி0டி2டி0எஸ்6'. இதில் சி கண்ட்ரோலர், முதல் டி டார்கெட், அடுத்த டி டிஸ்க், எஸ் ஸ்லைஸ். அது உறுதி கேட்கும்போது ஒய் அடிக்கும் முன் டார்கெட் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். 2க்குப் பதில் 3 அடித்திருந்தால் பூட் டிஸ்க்கின் ஒரு ஸ்லைஸ் போய்விடும். மவுண்ட் செய்து பார்த்துவிட்டு, பூட் ஆகும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான விஎஃப்எஸ்டேப் (vfstab) கோப்பில் ஒரு வரி சேர்த்தால் டிஸ்க் வேலை முடிந்தது.

டேப்பை உள்ளே போட்டு 'எம்டி -எஃப் /டெவ்/ஆர்எம்டி/0 ஸ்டேட்டஸ்' கொடுத்தால் டிரைவின் பெயர் வரும். சோலாரிஸுக்குப் பழக்கமில்லாத டிரைவ் என்றால் டேப்புக்கான எஸ்டி.கான்ஃப் (st.conf) கோப்பில் அதன் விவரத்தைச் சேர்த்து மறுபடி பூட் செய்ய வேண்டும். பேக்கப் எடுக்கும்போது பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. '/டெவ்/ஆர்எம்டி/0' வேலை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். '0என்' நின்ற இடத்திலேயே நிற்கும். ரூட் கோப்பு அமைப்பை (/) '0'இல் எடுத்துவிட்டு அடுத்து ஹோம் கோப்பு அமைப்பை எடுத்தால், ஹோம் ரூட்டின் மேலேயே எழுதப்படும். எந்தப் பிழையும் திரையில் வராது. எனவே 'யூஎஃப்எஸ்டம்ப் 0யூஎஃப் /டெவ்/ஆர்எம்டி/0என் /' என்று கடைசியில் 'என்' எழுத்தைச் சேர்த்தே எடுங்கள், ஹோமையும் அப்படியே.

முடிந்ததும் 'எம்டி ரீவைண்ட்', 'எம்டி எஃப்எஸ்எஃப் 1' இரண்டையும் 0என்மீது ஓட்டி, 'யூஎஃப்எஸ்ரெஸ்டோர் டிஎஃப்' கொண்டு ஹோமின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். படிக்கையில் பிழை வந்தால் க்ளீனிங் கேசட்டை ஓட்டுங்கள். அப்போதும் வந்தால், டேப் பெட்டிதான் சங்கிலியின் கடைசி என்றால், அதன் பின்னால் உள்ள டெர்மினேட்டரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.