முதலைக்கு வேலி கிடையாது: ஹூஸ்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு பிராசோஸ் பெண்ட்

வீடு பார்த்து, கார் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து ஒருவழியாக மூச்சு விட்டதும் சனிக்கிழமை எங்கே போவது என்ற கேள்வி வரும். பியர்லாந்து மீனாட்சி கோவிலுக்கு ஒரு வாரம், மாலுக்கு ஒரு வாரம். அதற்குள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்துவிடுவார்கள். அவர்களை எத்தனை தடவைதான் காஸ்ட்கோவுக்குக் கூட்டிப்போவது?

பிராசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, நீட்வில் பக்கம் இருக்கிறது. நகர மையத்திலிருந்து ஒரு மணி நேரம். சுகர்லேண்டில் இருப்பவர்களுக்கு இன்னும் கிட்டம். பார்க் என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய 5,000 ஏக்கருக்குக் காடும் ஏரியும் சதுப்பும். ஓக் மரக் கிளைகளில் தாடி மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கும். பார்க்கப் பாசி போலிருந்தாலும் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

முதலில் காசு கணக்கு. 12 வயது வரை இலவசம், அதற்கு மேல் தலைக்கு 7 டாலர். நீங்கள் இரண்டு பேர், பெற்றோர் இரண்டு பேர் என்றால் ஒரு நாளைக்கு 28. டெக்சாஸ் ஸ்டேட் பார்க்ஸ் ஆண்டுப் பாஸ் 70 டாலர். அது இருந்தால் உங்கள் காரில் கூட வருபவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, மாநிலத்தின் 80க்கும் மேற்பட்ட பூங்காக்களில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மூன்றாவது தடவை போகும்போதே போட்ட காசு வந்துவிடும். ஆனால் பாஸ் கையில் இருக்கிறது என்று அப்படியே கிளம்பிவிடாதீர்கள். உள்ளே கூட்டம் நிறைந்துவிட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். நாங்கள் வந்த புதிதில் வேறொரு பூங்காவுக்கு மூன்று மணி நேரம் ஓட்டிப்போய், வாசலில் யூ டர்ன் போட்டு, கொண்டுபோன புளியோதரையைப் பெட்ரோல் பங்க்கில் வைத்துச் சாப்பிட்டோம். நாள் அனுமதியை 30 நாள் முன்பிருந்தே ஆன்லைனில் எடுத்து வைக்கலாம். பாஸ் எண்ணைக் கொடுத்தால் அதற்குத் தனியாகக் காசு இல்லை.

எப்போது போவது? நவம்பர் முதல் மார்ச் வரை என்பேன். ஜூலையில் வெயில் 95 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், கூடவே புழுக்கம். "மெட்ராஸ் வெயிலையே பார்த்தவன் நான்" என்று வசனம் பேசிய மாமா ஒருவர் அரை மணி நேரத்தில் கார் ஏசிக்குத் திரும்பிவிட்டார். கோடையில்தான் போக முடியும் என்றால் காலையில் போய், பத்து மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

இனி பெரியவர் விஷயம். சாத்தனூர் அணையில் முதலையைப் பார்த்தவர்களுக்கு அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கும் என்ற நினைப்பு. இங்கே அது கிடையாது. இங்கிருப்பது அலிகேட்டர், நம்மூர் முதலைக்குப் பங்காளி. எல்ம் லேக் கரையில் நடக்கும்போது, யாரோ கழற்றிப் போட்ட டயர் என்று நினைத்து என் மகள் கை நீட்டிக் காட்டிய கறுப்புப் பொருள் கண்ணைத் திறந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

குறைந்தது 30 அடி தள்ளி நில்லுங்கள். இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தோம். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே போகவே கூடாது. பயந்தால் அது தண்ணீருக்குத்தான் ஓடும், வழியில் நீங்கள் நிற்கக் கூடாது. 'ஸ்ஸ்' என்று சீறினால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், மெதுவாகப் பின்வாங்குங்கள். மந்தமாகக் கிடக்கிறதே என்று ஏமாறாதீர்கள், மின்னல் வேகம் அதற்கு. மிச்சம் இட்லியைத் தூக்கிப் போடுவது, செல்ஃபிக்குக் குனிவது, ஏரியில் கால் நனைப்பது மூன்றும் கூடாது. மனிதர்கள் சாப்பாடு போட்டுப் பழக்கிவிட்டால் அதற்கு மனிதர் மேலிருக்கும் பயம் போய்விடும், அது நமக்கும் நல்லதல்ல, அதற்கும் நல்லதல்ல.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நான்கு கார்களில் வருவோம், நேராகப் பிக்னிக் மேசைக்குப் போவோம், பிரியாணியைப் பிரிப்போம், பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். சாப்பாடு எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் நடங்கள். முட்டி வலிக்கும் பெற்றோருக்கு கிரீக்ஃபீல்ட் லேக் பாதை: அரை மைல்தான், தளம் போட்டது, சக்கர நாற்காலியும் போகும். தெம்பிருந்தால் எல்ம் லேக்கைச் சுற்றி வாருங்கள், 1.7 மைல். ஃபார்ட்டி ஏக்கர் லேக் பக்கம் ஏறிப் பார்க்க ஒரு கோபுரம் இருக்கிறது. வேடந்தாங்கல் போனவர்களுக்கு இங்கே கூட்டமாக விசிலடித்துக்கொண்டு பறக்கும் வாத்துகளைப் பார்த்ததும் நம்மூர்ச் சீழ்க்கைச் சிறகி ஞாபகம் வரும். இதுவும் அதற்குப் பங்காளிதான், கறுப்பு வயிறும் சிவந்த அலகுமாக.

காலுக்கு ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். புல்லில் நெருப்பெறும்புப் புற்று இருக்கும்; அதன் மேல் ஒரு தடவை நின்றால் ஆயுசுக்கும் மறக்காது. மும்மூன்று இலையாக வளரும், தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடியைத் தொடாதீர்கள். கொசு மருந்து, தண்ணீர் அவசியம். சிக்னலை நம்பாமல் மேப்பை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

மீன் பிடிக்க ஆசையிருந்தால், டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளின் கரையிலிருந்து தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். எத்தனை, எவ்வளவு பெரிது என்ற வரம்பு மட்டும் உண்டு. நீங்கள் பிடித்த மீனுக்கு அலிகேட்டர் வந்தால் வழக்காடாமல் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

இரவு கூடாரம் போட்டுத் தங்கவும் இடம் உண்டு, ஐந்து மாதம் முன்பே பதியலாம். பொது இடத்தில் பீர் பாட்டிலை எடுக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது. படுக்கும் முன் சாப்பாட்டை எல்லாம் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். ரக்கூன் என்று முகமூடிக் கொள்ளையன் மாதிரி ஒரு பிராணி, கையால் மூடி திறக்கும். சோம்பலில் நாங்கள் மேசை மேலேயே விட்டுவிட்ட தயிர்சாத டப்பா காலையில் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆவக்காய்ப் பொட்டலம் மட்டும் ஒரே ஒரு கடியோடு அப்படியே கிடந்தது.